தாளின் மறுபக்கம்

பழைய காமிக்ஸ் புத்தகங்களைச் சேர்க்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே கேட்கிறார்கள். முதலாவது, 'அதற்கு இப்போது என்ன விலை?' இரண்டாவது, 'அதில் யாருடைய முதல் தோற்றம் இருக்கிறது?' இரண்டும் ஒரே கேள்விதான் என்பது எனக்கு விளங்கச் சில ஆண்டுகள் ஆயின. இந்தச் சந்தையில் ஓர் இதழின் விலையைத் தீர்மானிப்பது, அதில் எந்த நாயகன் முதன்முதலாகக் காலடி வைத்தான் என்பதே. மற்றப் பக்கங்கள் அவனைத் தாங்கி நிற்கும் வெறும் தாள்கள். நான் இங்கே பேச விரும்புவது அந்த மற்றப் பக்கங்களைப் பற்றி.

நான் சேர்ப்பவை தொகுப்பிதழ்கள். அட்டை முதல் அட்டை வரை ஒரே நாயகனின் சாகசத்தைச் சொல்லும் புத்தகங்கள் அல்ல. ஒரே அட்டைக்குள் ஐந்தாறு கதைகள், இரண்டு பக்கச் சிறுகதை ஒன்று, துணுக்குகள், விளம்பரங்கள், வாசகர் கடிதங்கள் எல்லாம் அடைந்து கிடக்கும் இதழ்கள். இன்று திரையரங்குகளை ஆளும் அதிநாயகர்களில் பலரும் இப்படிப்பட்ட கூட்டுக் குடித்தனத்தில் பிறந்தவர்கள்தாம். 1938 ஜூன் தேதியிட்டு வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் விலை 10 சென்ட். அதில் சூப்பர்மேனுக்குக் கிடைத்தவை 13 பக்கங்கள். மீதி இடத்தில் சக் டாசன் என்ற கௌபாய், ஜடாரா என்ற மந்திரவாதி, பெப் மார்கன் என்ற குத்துச்சண்டை வீரன், ஸ்கூப் ஸ்கான்லன் என்ற பத்திரிகை நிருபன், டெக்ஸ் தாம்சன் என்ற சாகசக்காரன், போதாக்குறைக்கு மார்க்கோ போலோ. இவர்களில் எவன் தங்குவான், எவன் மறைவான் என்று பதிப்பாளருக்குத் தெரியாது. தெரியாததனால்தான் அத்தனை பேரையும் சேர்த்து அச்சிட்டார். 2024 ஏப்ரலில் அந்த இதழின் ஒரு பிரதி 60 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. வாங்கியவர் சக் டாசனுக்காக ஒரு சென்ட்கூடக் கொடுத்திருக்க மாட்டார்.

தொகுப்பிதழ் என்பது அடிப்படையில் ஒரு பந்தயம். வெற்றி பெற்ற குதிரையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது மனித இயல்பு. ஆனால் பந்தயம் எப்படி ஓடியது என்று அறிய வேண்டுமானால், தோற்ற குதிரைகளும் அதே மைதானத்தில் இருக்க வேண்டும்.

*

இந்த ஆர்வத்தின் வேர் சிவகாசியில் இருக்கிறது. 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் புத்தகம் 'இரும்புக்கை மாயாவி'. நான் படிக்கும் வயதுக்கு வந்தபோது அந்தப் புத்தகங்கள் வாடகை நூலகங்களில் அட்டை கிழிந்து, பல வீடுகளின் எண்ணெய்க் கறையோடு சுற்றிக்கொண்டிருந்தன. ஆய்வுக்கூட உதவியாளன் ஒருவன். அவனுடைய வலக்கை போய் அந்த இடத்தில் ஓர் இரும்புக் கை. உடலில் மின்சாரம் பாய்ந்தால் முழு உருவமும் மறைந்துவிடும். அந்தக் கை மட்டும் காற்றில் மிதக்கும். என் தலைமுறைத் தமிழ்ச் சிறுவர்களுக்கு அறிமுகமான முதல் அதிநாயகன் பலருக்கும் இவன்தான். சூப்பர்மேனெல்லாம் பிறகு வந்தவர்கள்.

அந்தக் கதைகளில் விசித்திரமான ஒரு விக்கல் இருந்தது. இரண்டு அல்லது மூன்று பக்கத்துக்கு ஒருமுறை மாயாவி ஏதேனும் ஓர் ஆபத்தில் மாட்டுவான். அடுத்த கட்டத்திலேயே, நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு செய்தியை யாராவது மறுபடி சொல்வார்கள். பிறகு கதை ஓடும், மறுபடி விக்கும். சிறுவயதில் அதைக் கதையின் சுபாவம் என்றே எடுத்துக்கொண்டேன். மாயாவியின் உலகம் அப்படித்தான் மூச்சு விடும் போலும்.

2003இல் வேலை நிமித்தம் லண்டன் போனேன். அங்கே எட்டு ஆண்டுகள். போன இரண்டாம் ஆண்டில், ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தை ஒன்றில், அட்டைப்பெட்டிக்குள் 'வேலியண்ட்' என்ற வார இதழின் சில பிரதிகள் கிடைத்தன. நம் வார இதழ்களை ஒத்த பெரிய அளவு. மலிவான செய்தித்தாள் காகிதம். உள்ளே பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. புரட்டியபோது அந்த இரும்புக் கை வெளியே வந்தது. ஆனால் வாரத்துக்கு இரண்டோ மூன்றோ பக்கம்தான். முதல் கட்டத்தில் முன்கதைச் சுருக்கம். கடைசிக் கட்டத்தில் ஆபத்து. விக்கலின் காரணம் அந்தக் கணத்தில் விளங்கியது. வாரந்தோறும் துண்டு துண்டாக வந்த தொடரை முழுப் புத்தகமாக ஒட்டும்போது தலைப்புகளை நீக்கலாம், சுருக்கங்களை நீக்கலாம். நாடித்துடிப்பை நீக்க முடியாது. சிவகாசி வரைக்கும் அது கப்பலேறி வந்திருக்கிறது.

'வேலியண்ட்' 1962 அக்டோபர் 6ஆம் தேதி பிறந்தது. முதல் இதழிலேயே இரும்புக்கை இருந்தது. கென் புல்மர் எழுதத் தொடங்கினார். பின்னர் டாம் டல்லி. வரைந்தவர் ஸ்பானியரான ஹெசூஸ் பிளாஸ்கோ. இந்தப் பெயர்களில் ஒன்றுகூட அந்த இதழ்களில் அச்சாகவில்லை. பிரிட்டிஷ் சிறுவர் வார இதழ்களில் எழுதியவர், வரைந்தவர் பெயரை அச்சிடும் வழக்கமே அப்போது இல்லை. நிழலை இத்தனை கனமாக வரையத் தெரிந்த ஒரு கலைஞனின் பெயர், அவனைக் கொண்டாடிய சிறுவர்களுக்குப் பல ஆண்டுகள் தெரியாமலே இருந்தது. தமிழில் படித்த எங்களுக்கு மட்டும் தெரியாமல் போயிற்று என்று அதுவரை நினைத்திருந்தேன்.

*

என்னிடம் இருப்பவற்றுள் எனக்கு மிக நெருக்கமானது ஒரு பைண்டு தொகுதி. 1962 அக்டோபர் முதல் 1963 மார்ச் வரையிலான அரையாண்டு 'வேலியண்ட்' இதழ்கள். எந்த வீட்டிலோ, எந்தத் தகப்பனோ மகனுக்காகத் துணி முதுகு வைத்துத் தைத்திருக்கிறார். தையல் நேராக இல்லை. ஆனால் அறுபது ஆண்டுகளாக விடவில்லை.

அந்தக் குளிர்காலம் பிரிட்டனில் பெயர்பெற்றது. டிசம்பர் இறுதியில் விழத் தொடங்கிய பனி மார்ச் வரை உருகவில்லை என்பார்கள். வெளியே போக முடியாத சிறுவர்கள் வாரம் ஒருமுறை இந்த இதழுக்காகக் காத்திருந்திருப்பார்கள். தொகுதியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை, ஒன்றையும் தாண்டாமல் படிப்பது என்று ஒருமுறை முடிவு செய்தேன். அது வேறோர் அனுபவம். மாயாவியின் இரண்டு பக்கம் முடிந்ததும் கால்பந்துக் கதை. அது முடிந்ததும் போர்க்கதை. கேப்டன் ஹரிக்கேன் என்ற கடற்படை வீரன் வாரம் தவறாமல் கோபாவேசம் கொண்டு எதிரிப்படையை ஒற்றை ஆளாய்த் துவைப்பான். ஜெர்மானியரையும் ஜப்பானியரையும் அவன் அழைக்கும் சொற்களை இன்று எந்தப் பதிப்பாளரும் அச்சிடத் தயங்குவார். போர் முடிந்து 17 ஆண்டுகளுக்குப் பிறகும் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு வாராவாரம் அது பரிமாறப்பட்டது. மாயாவியை மட்டும் தனியே எடுத்து வழுவழுப்பான தாளில் மறுபதிப்புச் செய்தால் இந்த அண்டைவீட்டுக்காரன் கண்ணில் படமாட்டான். அப்போது மாயாவியின் காலத்தைப் பற்றி நமக்கு ஒரு பொய் சொல்லப்பட்டிருக்கும். யாரும் வாய் திறந்து சொல்லாத பொய்.

அந்தக் கதையில் மாயாவியே தொடக்கத்தில் நல்லவன் அல்லன். மறையும் சக்தி வந்ததும் திருடப் போகிறான். ஒரு நகரத்தையே மிரட்டுகிறான். பின்னர்தான் திருந்துகிறான். இதற்கு உளவியல் காரணங்களைத் தேட வேண்டியதில்லை என்பதை இதழ்களின் உள்பக்கங்களே காட்டிவிடும். இந்த வகை வார இதழ்களில் ஒரு கூப்பன் இருக்கும். உனக்குப் பிடித்த கதைகளை வரிசைப்படுத்தி, வெட்டி, அனுப்பு என்பார்கள். ஆசிரியர் குழு அவற்றை எண்ணும். வாக்குக் குறைந்த கதை சில வாரங்களில் அவசரமாக முடிக்கப்படும். வாக்கு நிறைந்தவன் தொடர்ந்து வாழ வேண்டும். தொடர்ந்து வாழ வேண்டியவன் என்றைக்கும் கொள்ளைக்காரனாக இருக்க முடியாது. எத்தனையோ வில்லன்களைத் திருத்தியது அந்தச் சின்னக் கூப்பன்.

என் தொகுதியில் மூன்று இதழ்களில் கூப்பன் வெட்டப்பட்டிருக்கிறது. சந்தைக் கணக்கில் அது பெரிய குறை. தர மதிப்பீடு சரிந்துவிடும். ஆனால் ஒரு பக்கத்தில் வெட்டினால் மறுபக்கத்திலும் அல்லவா துளை விழும்? ஒரு வாரம் அந்தத் துளை, இரும்புக்கைக் கதையின் ஒரு கட்டத்தில் விழுந்திருக்கிறது. கதவு திறக்கிறது, அடுத்துச் சதுரமான வெற்றிடம், அதன் வழியே அடுத்த தாளின் எழுத்துகள் தெரிகின்றன, அதற்கடுத்த கட்டத்தில் மாயாவி தரையில் கிடக்கிறான். அந்தப் பையன் யாருக்கு வாக்களித்தான் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். மாயாவிக்கே வாக்களித்திருந்தால், அவனை வாழவைக்க அவன் உடலிலிருந்தே ஒரு துண்டை வெட்டியிருக்கிறான்.

தொகுதியின் நடுவே, 1963 பிப்ரவரியில், இதழின் பெயர் 'வேலியண்ட் அண்ட் நாக்கவுட்' என்று மாறுகிறது. 'நாக்கவுட்' என்ற வேறொரு வார இதழ் செத்துப்போய் இதனோடு இணைக்கப்பட்டது. இத்தகைய இணைப்புகளைச் சிறுவர்களுக்கு மகிழ்ச்சிச் செய்தியாகவே அறிவிப்பார்கள்: உன் இதழ் இனி இன்னும் பெரிதாகிறது என்று. இறந்த இதழிலிருந்து இரண்டொரு நாயகர்கள் அகதிகளாய் வந்து சேருவார்கள். மற்றவர்கள் கதையின் பாதியிலேயே நின்றுவிடுவார்கள். சில ஆண்டுகள் கழித்து 'லயன்' இதழும் இப்படியே 1974இல் 'வேலியண்ட்'டுக்குள் வந்து மறைந்தது. 1976இல் 'வேலியண்ட்' இன்னொன்றுக்குள் போய் மறைந்தது.

*

தொகுப்பிதழிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்தெடுக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. தமிழ்க் குடும்பங்கள் இதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கின்றன. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்தபோது, வாராவாரம் அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்து, தைத்து வைத்த வீடுகள் எத்தனையோ. என் அத்தை அப்படித் தைத்தவர். கோணி ஊசி, மைதாப் பசை, பழைய நாட்காட்டி அட்டை. மணியத்தின் ஓவியங்களோடு அந்தத் தொகுதி எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை கைமாறியிருக்கிறது.

அதைப் படிக்கும்போது சிறுவயதில் என்னை ஈர்த்தவை, நியாயமாக அங்கே இருந்திருக்க வேண்டாத பக்கங்கள். அத்தியாயம் முடியும் தாளின் மறுபக்கத்தில் வேறு ஏதாவது இருக்கும். ஒரு கட்டுரையின் நடுப்பகுதி; தலையும் இல்லை, வாலும் இல்லை. ஒரு சிரிப்புத் துணுக்கின் முதல் பாதி. கூந்தல் தைல விளம்பரம். யாரோ எழுதிய சிறுகதையின் இரண்டாம் பக்கம்; அதில் ஒரு பெண் ரயிலுக்குக் காத்திருக்கிறாள். அவள் எங்கே போகப்போகிறாள், அவளை அனுப்பியவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அத்தைக்கு அவள் தேவைப்படவில்லை. அத்தை செய்தது பிழை என்று சொல்லமாட்டேன். மாத வருமானத்தில் இதழ் வாங்கியவர்கள்; எல்லாவற்றையும் வைத்திருக்க வீட்டில் இடமும் இல்லை. அவர் காப்பாற்ற நினைத்ததை நன்றாகவே காப்பாற்றினார். ஆனால் வந்தியத்தேவனை எத்தனை பதிப்பில் வேண்டுமானாலும் நாம் இன்று வாங்கலாம். ரயிலுக்குக் காத்திருந்த பெண்தான் திரும்பக் கிடைக்கமாட்டாள்.

*

அமெரிக்கத் தொகுப்பிதழ்களில் என்னால் வாங்க முடிந்தவை விலை குறைந்த, அட்டை தளர்ந்த பிரதிகள் மட்டுமே. அவற்றில் பல பிரிட்டனுக்கென்று தனியே விலை போட்டவை. அதே அச்சகத்தில், அதே நாளில் அச்சானவை; அட்டையில் மட்டும் சென்டுக்குப் பதிலாக 9 பென்ஸ் என்று இருக்கும். சில பிரதிகளில் இறக்குமதி செய்த நிறுவனத்தின் வட்ட முத்திரை, நம் தபால் முத்திரை மாதிரி, நாயகனின் முகத்தின்மேலேயே குத்தப்பட்டிருக்கும்.

1962 ஆகஸ்ட் தேதியிட்ட 'அமேசிங் ஃபேன்டஸி' 15ஆம் இதழில் ஸ்பைடர்மேன் முதன்முதலாக வந்தான். 2021இல் அதன் ஒரு பிரதி 36 லட்சம் டாலருக்கு விற்றது. அந்த இதழே அந்தப் பத்திரிகையின் கடைசி இதழ் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. அதே இதழில் இன்னும் மூன்று குட்டிக் கதைகள் உண்டு என்பதும், அவற்றையும் அதே ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவுமே செய்தார்கள் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மணியடிக்கும் கிழவன் ஒருவன், மம்மிப் பெட்டியில் ஒளியும் திருடன் ஒருவன், செவ்வாய்க்கிரகவாசிகள். ஸ்பைடர்மேன் கதையின் 11 பக்கங்களில் உள்ள அந்த இறுக்கம், முடிவில் நாயகனின் முகத்தில் அறையும் அந்தத் திருப்பம், எங்கிருந்து வந்தன என்று அறிய இந்தக் குட்டிக் கதைகளைப் படித்தாலே போதும். ஐந்து பக்கத்தில் ஒருவனைக் குற்றம் செய்யவைத்து ஐந்தாம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் தண்டிக்கும் பயிற்சியை அந்த இருவரும் ஆண்டுக்கணக்கில் செய்திருந்தார்கள். பீட்டர் பார்க்கரின் சித்தப்பாவைக் கொன்றவன் யார் என்று தெரியவரும் அந்தக் கட்டம் அந்தப் பயிற்சியின் விளைச்சல்.

டாக்டர் ஸ்டிரேஞ்சும் 1963இல் 'ஸ்டிரேஞ்ச் டேல்ஸ்' 110ஆம் இதழின் உள்ளே ஐந்து பக்கக் கதையாகத்தான் வந்தான். அட்டைப்படம் வேறொருவனுக்கு. பின்னர் 'டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்' இதழை அயர்ன்மேனும் கேப்டன் அமெரிக்காவும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். 'டேல்ஸ் டு அஸ்டானிஷ்' இதழில் ஹல்க்குக்கு இன்னொருவர் துணை. இந்த ஒண்டுக்குடித்தனத்துக்குக் காரணம் கலை அல்ல. 1957க்குப் பிறகு மார்வெல் தன் இதழ்களை விநியோகிக்க, போட்டியாளரான டி.சி. காமிக்ஸின் உரிமையாளர்களுக்குச் சொந்தமான நிறுவனத்தையே நம்ப வேண்டியிருந்தது. மாதம் இத்தனை இதழ்தான் என்று அவர்கள் வரம்பு வைத்தார்கள். நாயகர்கள் பெருகினார்கள், வீடு பெருகவில்லை. 1968இல் அந்தக் கட்டு தளர்ந்ததும் ஆளுக்கொரு தனி இதழ் கிடைத்தது. ஆனால் பத்துப் பன்னிரண்டு பக்கத்துக்குள் ஒரு கதையை முடிக்க வேண்டிய நெருக்கடியில் பிறந்த வேகத்தை, தனிவீடு போனபின் நான் பார்க்கவில்லை.

இந்த இதழ்களில் யாரும் படிக்காத இரண்டு பக்கங்கள் உண்டு. படமே இல்லாத உரைநடைக் கதை. சலுகைத் தபால் கட்டணம் பெற எழுத்துப் பக்கங்களும் வேண்டும் என்ற விதிக்காக நுழைக்கப்பட்டவை. சிறுவர்கள் அவற்றைத் தாண்டிப் போய்விடுவார்கள். 1941இல் 'கேப்டன் அமெரிக்கா காமிக்ஸ்' மூன்றாம் இதழில் அப்படியொரு கதையை எழுதிய பதின்வயதுப் பையன், தன் சொந்தப் பெயரைப் பின்னாளில் எழுதப்போகும் பெரிய நாவலுக்காக ஒதுக்கிவைத்துக்கொண்டு, அதில் புனைபெயர் ஒன்றைப் போட்டுக்கொண்டான். அந்தப் புனைபெயர் ஸ்டான் லீ. யாரும் படிக்காத பக்கத்தில் யார் பிறப்பார் என்று சொல்வதற்கில்லை.

*

சேகரிப்பு எனக்குத் தந்தவற்றில் மிகப் பெரியதாக நான் கருதுவது ஒரு பெயரை.

1984இல் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் வரத் தொடங்கியது. குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடர் அதன் வழியேதான் எங்களுக்கு வந்தான். கூரிய காதுகள், கறுப்பு உடை, வலை பாய்ச்சும் துப்பாக்கி. உலகத்துக் குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாக வேண்டும் என்ற அபாரமான அகங்காரம். அமெரிக்க ஸ்பைடர்மேனுக்கும் இவனுக்கும் எந்த உறவும் இல்லை. இவனும் பிரிட்டிஷ் 'லயன்' வார இதழில் 1965 ஜூனில் பிறந்தவன். முதல் கதைகளை எழுதியவர் டெட் கோவன். வரைந்தவர் ரெக் பன். சிறிது காலத்துக்குப் பின் எழுதும் பொறுப்பு வேறொருவரிடம் போயிற்று. அவர் பெயர் ஜெரி சீகல்.

அந்தப் பெயரை முதலில் ஒரு நூலில் பார்த்தபோது வேறு யாரோ என்று எண்ணித் தாண்டிப் போகத் தோன்றியது. ஆனால் அதே சீகல்தான். ஜோ ஷூஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கி, 1938இல் அதன் உரிமையை 130 டாலருக்கு எழுதிக்கொடுத்த சீகல். உரிமை கேட்டு வழக்காடி, வெளியேற்றப்பட்டு, மறுபடி அதே நிறுவனத்தில் கூலிக்கு எழுதி, 1960களின் நடுவில் மறுபடி வெளியே வந்தவர். அந்தக் காலத்தில்தான் கடல் தாண்டிய ஒரு வார இதழுக்கு, பெயர் போடாத பக்கங்களில், வாரத்துக்கு இத்தனை பக்கம் என்று ஸ்பைடரை எழுதினார். 1975இல் பத்திரிகைகள் அவர் நிலைமையை எழுதியபின்பே இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், சூப்பர்மேன் கதைகளில் பெயர் போடும் உரிமையும் கிடைத்தன. 130 டாலரையும் உள்ளடக்கிய அந்தப் பழைய காசோலை, வெறும் காசோலைத் தாள், 2012இல் 1,60,000 டாலருக்கு ஏலம் போயிற்று.

ஆக, தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மின்விசிறி இல்லாத திண்ணைகளில் நாங்கள் படித்துக் கைதட்டிய கதைகளில் சில, சூப்பர்மேனை உருவாக்கியவர் எழுதியவை. அவருக்கு எங்களைத் தெரியாது. எங்களுக்கு அவரைத் தெரியாது. சீகல் 1996இல் இறந்தார். ஸ்பைடரின் எல்லையற்ற இறுமாப்பை, உலகமே தன்னை ஏமாற்றிவிட்டதாகக் கருதுபவனின் அந்தச் சிரிப்பை, இப்போது படிக்கும்போது வேறு விதமாகக் கேட்கிறது. இது என் கற்பனையாகவும் இருக்கலாம். ஆனால் சூப்பர்மேனின் முதல் இதழைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கும் எவரிடமும் இந்தச் சீகல் இல்லை. அவர் பைசா பெறாத வார இதழ்களின் உள்பக்கங்களில்தான் இருக்கிறார்.

*

கோவையில் எனக்கு ஒரு நண்பர் இருந்தார். முத்து, லயன், ராணி காமிக்ஸ், தமிழ் இந்திரஜால் எல்லாவற்றையும் வரிசை கெடாமல் வைத்திருந்தவர். சில ஆண்டுகளுக்கு முன் திடீரென மறைந்தார். காரியங்கள் முடிந்து ஒரு மாதம் கழித்து அவருடைய மனைவி அழைத்தார். "அண்ணா, அவரோட புஸ்தகத்தையெல்லாம் என்ன செய்யறதுன்னு தெரியலீங்க. நீங்க ஒருக்கா வந்து பாக்கறீங்களா?"

போனேன். எனக்கு முன்பே யாரோ வந்துவிட்டுப் போயிருந்தார். எந்த எண் விலை போகும் என்று நன்றாகத் தெரிந்த கை. மாயாவியின் முதல் பதிப்புகள் இல்லை. தீபாவளி மலர்கள் இல்லை. ஒவ்வொரு வரிசையிலும் பல் விழுந்த மாதிரி இடைவெளிகள். மிச்சத்தை, "இது எடைக்குத்தான் போகும்மா" என்று சொல்லி விட்டுச் சென்றிருக்கிறார். அவர் ஏமாற்றவில்லை, சந்தை விலையைக் கொடுத்தே வாங்கியிருந்தார். அந்தத் தொகை அந்தக் குடும்பத்துக்கு அப்போது தேவையாகவும் இருந்தது. ஆனாலும் அந்த அலமாரியின்முன் நின்றபோது, முப்பது ஆண்டுகள் ஒரு மனிதர் கட்டியது புத்தகங்களை அல்ல, வரிசையை என்று எனக்குத் தோன்றியது. மிச்சத்தை நான் எடுத்துவந்தேன். எங்கள் வீட்டில் அவை தனி அலமாரியில், இடைவெளிகளோடே இருக்கின்றன.

அமெரிக்காவில் 2000இலிருந்து தர மதிப்பீட்டு நிறுவனங்கள் இயங்குகின்றன. இதழைக் கொடுத்தால் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் முத்திரையிட்டுத் தருவார்கள். உறையைத் திறந்தால் மதிப்பெண் செல்லாது. அட்டையின் இரு புறத்தையும் பார்க்கலாம். உள்ளே ஒரு பக்கத்தையும் படிக்க முடியாது. பாதுகாப்பு என்ற அளவில் இதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. செய்தித்தாள் காகிதத்தில் அமிலம் இருக்கிறது. வெளிச்சமும் வெப்பமும் ஈரமும் பட்டால் பழுத்து, விளிம்பிலிருந்து பொடியாகும். சென்னையின் காற்று அதற்குச் சத்துரு. போதாததற்கு இராமபாணம். கற்பூரம், வசம்பு, அமிலமில்லாத அட்டை, சிலிக்கா பொட்டலம் என்று நான் நடத்தும் யுத்தத்தில் தோல்வி நிச்சயம். தள்ளிப்போடுவது மட்டுமே சாத்தியம். ஆனால் படிக்க முடியாதபடி காப்பாற்றப்பட்ட இதழ் எதுவாக இருக்கிறது என்ற கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

சென்ற ஆண்டு இங்கிலாந்திலிருந்து ஒரு விற்பனையாளர் அந்த 'வேலியண்ட்' தொகுதியைக் கேட்டு எழுதினார். தொகுதியாக அல்ல. தையலைப் பிரித்து இதழ்களைத் தனித்தனியாக்க வேண்டும். முதல் இதழுக்கு நல்ல விலை, அடுத்த சிலவற்றுக்குச் சுமாரான விலை, கூப்பன் வெட்டியவை வேண்டாம். மொத்தத் தொகுதிக்குக் கிடைப்பதைவிட முதல் இதழுக்குமட்டும் கிடைப்பது கூடுதல் என்று கணக்கும் போட்டிருந்தார். கணக்கு சரிதான். மகளின் கல்லூரிச் சேர்க்கை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். கடிதத்தை உடனே மறுத்துவிடும் வசதி எனக்கு இல்லை. இரண்டு வாரம் மேசைமேல் வைத்திருந்தேன்.

அந்த நாட்களில் மகள் தொகுதியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரும்புக்கை பெரிதாகப்படவில்லை. திரையில் அதைவிடப் பெரிய மாயங்களைப் பார்த்த தலைமுறை. அவள் படித்தது வாசகர் கடிதங்களையும் விளம்பரங்களையும். பிறகு கூப்பன் துளையில் விரலை விட்டு, "அப்பா, இந்தப் பையன் இப்ப உயிரோட இருந்தா தாத்தா வயசு இருக்கும், இல்லே?" என்றாள். இருக்கும் என்றேன். "அவங்க அப்பா தைச்சதைப் பிரிக்கப் போறீங்களா?" என்று கேட்கவில்லை அவள். கேட்டதாக நான் எடுத்துக்கொண்டேன். கட்டணத்துக்கு வேறு வழி பார்த்தோம். விற்பனையாளருக்குத் தொகுதியாக வாங்குவதென்றால் பேசலாம் என்று எழுதினேன், பதில் வரவில்லை.

பிரிட்டனின் அந்தப் பழைய கதைகளின் உரிமை 2018 முதல் ரெபெல்லியன் என்ற பதிப்பகத்திடம் இருக்கிறது. இரும்புக்கையையும் ஸ்பைடரையும் அழகான தொகுதிகளாக, எழுதியவர் வரைந்தவர் பெயர்களோடு வெளியிடுகிறார்கள். நல்ல காரியம், நானும் வாங்கினேன். கூப்பன் வெட்டிய அந்தக் கட்டத்தில் என்ன இருந்தது என்பதை அதில்தான் பார்த்தேன். கதவைத் திறந்துகொண்டு ஒரு காவலன் வருகிறான், அவ்வளவே.

என் தொகுதியில் பிப்ரவரி மாதத்து இதழ் ஒன்றின் நடுத்தாள் இல்லை. அதில் ஒரு பக்கம் இரும்புக்கை. அது எனக்கு இப்போது மறுபதிப்பில் இருக்கிறது. மறுபக்கத்தில் என்ன கதை என்று தெரியவில்லை. 1963 பிப்ரவரி இதழ்கள் யாரிடமாவது இருந்தால், எந்த நிலையில் இருந்தாலும், முதுகு பிரிந்ததானாலும், அட்டை இல்லாததானாலும், தயவுசெய்து எழுதுங்கள். கூப்பன் வெட்டியிருந்தாலும் பாதகமில்லை.